வாசல் பக்கம் திரும்பும் நேரம்

விசுவாசப் பிரமாணம் வரும்வரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதுவரை அரைமணி நேரம் இருக்கிறது எனக்கு. இப்போது முதல் பாட்டு நடக்கிறது. அடுத்து பாவ அறிக்கை, வேதாகமச் சங்கீதம், நிருபம் என்கிற கடித வாசிப்பு, சுவிசேஷ வாசிப்பு, அதற்குப் பிறகுதான் சபை எழுந்து நின்று, ஆண்டவரைப் பற்றித் தான் நம்புவதையெல்லாம் வரிசையாக அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும். அந்த இடத்தில் சீயோன்விளைக் கோயிலில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. சபை மொத்தமும் பீடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வாசலைப் பார்த்து நின்றுகொண்டு அதைச் சொல்லும். வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இருநூறு முதுகுகளும் இருநூறு முகங்களாகிவிடும். முதல் பெஞ்சில், நடைபாதை ஓரத்தில், சட்டைக் காலருக்குள் மடித்துச் செருகிய கைக்குட்டையோடு தெரிகிற அந்த வெள்ளை முதுகும் முகமாகிவிடும். அது என் அண்ணன். அருமைநாயகம். எனக்கு நாற்பத்தெட்டு என்றால் அவனுக்கு ஐம்பத்தொன்பது. பதினாறு வருஷமாக என்னோடு பேசவில்லை. பேசாமலிருக்க அவனுக்குக் காரணம் உண்டு, அது வேறு விஷயம், இல்லை, அது வேறு விஷயம் இல்லை, அதுதான் விஷயம், ஆனால் இப்போது பாட்டு நடக்கிறது, நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் இங்கே இருப்பான் என்று தெரிந்துதான் மதுரையிலிருந்து பஸ் ஏறினேன். அவனைப் பார்க்கத்தான் வந்தாயா என்று யாராவது கேட்டால், கோயிலைப் பார்க்க வந்தேன் என்று சொல்ல ஒரு பதில் கைவசம் இருக்கிறது. பொய்யும் இல்லை. பழைய கோயில்களைப் பார்ப்பதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. வலப்பக்கம் வடக்குச் சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. கொண்டி போடவில்லை. எட்டு அடி எடுத்துவைத்தால் வெளியே வேப்பமரம், அதைத் தாண்டிக் கல்லறைத் தோட்டம், அதைத் தாண்டி ரோடு. சுவிசேஷம் முடிகிற சமயத்தில் எழுந்தால்கூடப் போதும். அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்காமலே போய்விடலாம். அந்த முகம் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

ஐந்தே முக்காலுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டு முழுசாகப் பிரியவில்லை. மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோயில்குட்டி நின்றிருந்தார். மணியடிப்பவர், விளக்கேற்றுபவர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் சேர்ந்த வேலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். ஆள் என்னைவிடப் பெரியவர். மாசிலாமணி என்றார். நான் முகப்பு வளைவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "ஃபோட்டோ எடுக்க வந்தீயளா? எடுங்க, எடுங்க. செருப்ப மட்டும் அங்கன விட்டுட்டு வாங்க" என்றார். வெளியூர்க்காரன் என்று முடிவு செய்துவிட்டார். நானும் இல்லை என்று சொல்லவில்லை. அதனால் அவர் எனக்குக் கதை சொன்னார். எனக்குத் தெரிந்த கதைதான், தெரியாதவன்போல் கேட்டேன். "கோயில் கட்டச் சீமையில இருந்து படம் வந்துது சார். பீடம் கிழக்க, வாசல் மேக்க. நம்ம ஹாலோவே ஐயருக்குக் காய்ச்சல் கண்டு குத்தாலத்துக்குப் போயிட்டாரு. கொத்தனாரு படத்த இப்படி வச்சிப் பாத்தாரு, அப்படி வச்சிப் பாத்தாரு. 'பாவம், வெள்ளக்காரனுக்குத் திசை தெரியல, நம்ம வீட்டுக்கே வாசல் கிழக்கதான் வைப்போம், ஆண்டவர் வீட்டுக்கு எவனாவது மேக்க வைப்பானா'ன்னுட்டு, படத்தத் திருப்பி வச்சிக் கட்டிட்டாரு. ஐயரு வந்து பாக்காரு, சுவரு ஆளுயரம்!" அந்தக் கொத்தனாரை நேற்று சாயங்காலம் டீக்கடையில் பார்த்தவர்போலச் சிரித்தார். அவர் ஐயர் என்றது குருவானவரை. இங்கே பாதிரியாருக்கு அப்படித்தான் சொல்வது. இடிக்கச் சொன்னார் ஹாலோவே ஐயர். மழைக்கு முன்னால் கூரை போடவேண்டும் என்றார்கள் ஊரார். பேராயரான அத்தியட்சருக்குக் கடிதம் போயிற்று. பீடம் மேற்கிலேயே இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் விசுவாசப் பிரமாணத்தைக் கிழக்கே பார்த்துச் சொல்லும் திருச்சபையின் பழைய ஒழுங்கை மட்டும் விடக்கூடாது என்று பதில் வந்தது. ஆண்டவர் மறுபடியும் வருவது கிழக்கிலிருந்து. கிழக்கில் இருந்ததோ வாசல். ஆகவே நூற்றெழுபது வருஷமாக ஞாயிறுதோறும் ஒருமுறை சீயோன்விளைச் சபை வாசல் பக்கம் திரும்பி நிற்கிறது. இதில் ஹாலோவே ஐயரோ அத்தியட்சரோ கொத்தனாரோ யோசிக்காத ஒன்று உண்டு. பிந்தி வருகிறவர்கள்.

மற்ற கோயில்களில் பிந்தி வருகிறவன் முதுகுகளுக்குப் பின்னால் பூனைமாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளலாம். இங்கே அவன் வந்துசேர்கிற நேரம் விசுவாசப் பிரமாணமாக இருந்துவிட்டால் ஊர் மொத்தமும் அவன் முகத்தைப் பார்த்து நிற்கும். இங்கிலாந்தில், சஃபோக் வட்டாரத்தில், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பழைய கோயில்களைச் சோதித்து அறிக்கை எழுதுகிற அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். முந்நூறுக்கு மேல் பார்த்திருப்பேன். கருங்கல் மாதிரி இருக்கிற சிக்கிமுக்கிக்கல் சுவர்கள், ஓக் மரக் கூரை, கூரையைத் தாங்கும் கைமரங்களில் சிறகு விரித்த தேவதூதர்கள். எல்லாவற்றிலும் பீடம் கிழக்கேதான். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆளில்லாத கோயில்கள். ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர், அதில் ஒருவர் நாயோடு வருவார். அவற்றின் நடுவில் நின்று திசைகாட்டியைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எங்கள் ஊரைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை. ஏழு வயதில் ஒரு ஞாயிறு நான் இந்தக் கோயிலுக்குப் பிந்தி வந்தேன். என்னைக் குளிப்பாட்டிக் கூட்டி வந்தவன் அண்ணன், அவனுக்குப் பதினெட்டு. வாசல் படியில் கால் வைத்தோம், உள்ளே எல்லா முகங்களும். நான் நின்றுவிட்டேன். அழுதேனா என்று நினைவில்லை. அண்ணன் என் கையைப் பிடித்து அவனுக்குப் பின்னால் இழுத்து விட்டான், விட்டுவிட்டு நேராக நடந்தான். நான் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். எனக்கு முகங்கள் தெரியவில்லை. ஒரு வெள்ளை முதுகு தெரிந்தது. அது நகர்ந்துகொண்டே இருந்தது. எல்லா முகங்களையும் அவன் வாங்கிக்கொண்டான்.

வடக்குச் சுவரில், மூன்றாம் ஜன்னலின் கூர்வளைவுக்கு மேலே, படிக்கட்டுபோல ஏறிப்போகிற ஒரு விரிசல். கீழிருந்து பார்த்தே சொல்லலாம், பழசு. ஓரங்களில் அழுக்கு படிந்து மழுங்கியிருக்கிறது. புது விரிசல் பல் விழுந்த ஈறுமாதிரி சுத்தமாக இருக்கும். சந்தேகமிருந்தால் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டிவிட்டு வருவோம். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்ப்போம். கண்ணாடி முழுசாக இருந்தால் சுவர் நின்றுவிட்டது, அசைவு இல்லை என்று எழுதுவோம். அசைவு இல்லை என்று எழுதுவதில் ஒரு நிம்மதி இருந்தது. அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை என்று பொருள். கூரையில் பனங்கைகளை எடுத்துவிட்டு இரும்பு போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவருக்கு எவனோ பெயின்ட் அடித்திருக்கிறான், உள்ளே ஈரம் நிற்கும், பத்து வருஷத்தில் பொரிந்து விழும், இதை யாரிடமாவது சொல்லவேண்டும், யாரிடம் சொல்வது. தூண்களில் டிவி. பாட்டின் வரிகள் டிவியில் ஓடுகின்றன, எல்லோரும் தலையைத் தூக்கி அதைப் பார்த்துப் பாடுகிறார்கள். அண்ணன் மட்டும் குனிந்து புத்தகத்தைப் பார்க்கிறான். அவனுடைய பாட்டு அரை வரி பிந்தி வருகிறது. இவ்வளவு தூரத்திலும் அந்தக் குரலைப் பிரித்தெடுக்க முடிகிறது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. நடைபாதைக்கு அந்தப் பக்கம் பெண்கள் வரிசை. கடைசி பெஞ்சையும் விட்டு, வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கிழவி, முழங்கால் இரண்டிலும் பட்டை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்பில் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த கோல்டாபாய் டீச்சர் என்று எனக்குத் தெரிவதற்குள் அவருக்கு நான் தெரிந்துவிட்டேன்.

"நீ நேசன்லா?" என்றார். ஆமா டீச்சர் என்றேன். "சத்தமா பேசாத, பாட்டு நடக்கு." சத்தமாகப் பேசியது அவர்தான். "வாசல்ல நிக்கும்போதே நெனச்சேன். உங்கப்பா மாதிரியே ஒரு தோளச் சாச்சிக்கிட்டு. எப்ப வந்தே?" வந்து ஏழு மாசம் ஆகிறது, மதுரையில் இருக்கிறேன், இனி திரும்பிப் போகிற எண்ணம் இல்லை என்றேன். "ஏழு மாசமா! மதுரையிலேருந்து இங்க வர ஏழு மாசமா? நடந்தா வந்தே?" நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. "அண்ணன பாத்தியா?" முதுகைப் பார்த்தேன் என்றேன். "அவன் உன்ன?" இல்லை. "ம்" என்றார். ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார், ஒரு பக்கத்தில் நின்றார், மறுபடியும் என் பக்கம் சாய்ந்தார். "அவனுக்குக் காது ரெண்டும் போச்சு, தெரியுமா? மெஷின் வாங்கிக் குடுத்திருக்கா அவன் மக. அத மேசையில பத்திரமா வச்சிட்டு வாரான். சாமிக்குக் கேட்டாப் போதுமாம்." எனக்குத் தெரியாது என்றேன். "ஒனக்கு என்ன தெரியும். புது ஐயரு வந்து எல்லாத்தையும் மாத்திட்டாரு. மணி மாத்தியாச்சு, பாட்டு மாத்தியாச்சு, டிவி வச்சாச்சு. உங்க அண்ணன் ஒருத்தன்தான் மாற மாட்டேங்கான். வாரா வாரம் மல்லுக்கு நிக்கான்." பாட்டுப் புத்தகத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். குனிந்த தலை, அரை வரி பிந்திய குரல். அவன் அப்படித்தான், பிடித்தால் விடமாட்டான். பாவ அறிக்கைக்கு எல்லோரும் முழங்காலிட்டார்கள். டீச்சர் நாற்காலியிலேயே முன்னால் சரிந்து கண்ணை மூடினார். நான் முழங்காலிட்டேன். கடப்பைக்கல் குளிர்ந்திருந்தது. செய்யத்தக்கவைகளைச் செய்யாமல் விட்டதற்காக ஊர் ஒன்றாக வருத்தப்பட்டது. எனக்கு வேதாகமம் தமிழில் நடந்தது, கணக்கும் சயின்ஸும் எட்டாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷில். அதனாலோ என்னவோ பயம் எனக்குத் தமிழில்தான் வரும், சாக்கு இங்கிலீஷில் வரும்.

சங்கீதத்தின் நடுவில் வெயில் வந்தது. செப்டம்பர் மூன்றாம் வாரம், சூரியன் கிழக்குக்கு நேர் கிழக்கில். வாசல் வளைவுக்குள் நுழைந்து நடைபாதை நெடுகப் போய்ப் பீடத்தின் படிகளில் ஏறியது. இங்கிலாந்தில் காலை வெயில் பீடத்துக்குப் பின்னாலிருந்து வண்ணக் கண்ணாடி வழியாகச் சபையின் கண்ணில் விழும். இங்கே அது சபையின் முதுகில் அடிக்கிறது. கொத்தனார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பிந்தி வந்த ஒரு குடும்பம் வாசலில் நின்றது. நான்கு பேருடைய நிழலும் அவர்களுக்கு முன்னால் உள்ளே போயிற்று, நடைபாதையில் நீளமாக, தலைகள் முதல் பெஞ்சுவரைக்கும். அண்ணனின் தலை கொஞ்சம் அசைந்தது. தரையைப் பார்த்தான், நிழல்களை எண்ணுகிறவன்போல. பிறகு புத்தகம். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன், தூணின் பக்கமாக. என் நிழல் எங்கேயும் போகவில்லை. டீச்சர் அதைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். "அன்னைக்கு நீ வருவேன்னுதான் வச்சிருந்தான்" என்றார், முன்னால் பார்த்துக்கொண்டே. எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. "வியாழக்கிழம போன உயிரு. ஞாயித்துக்கிழம வரைக்கும் ஐஸ் பெட்டி. 'ஏறிட்டேன்னு சொல்லிட்டான் டீச்சர், ஆராதனைக்கு வந்துருவான், முடிஞ்சதும் அப்பாவ எடுத்துருவோம்'ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சான். விசுவாசப் பிரமாணத்துக்கு எல்லாரும் திரும்புனோம். அன்னைக்கு எவனும் ஆண்டவர எதிர்பாக்கல. ஒன்னத்தான். ரோட்டுல ஒரு காரு சத்தம் கேட்டா போதும், வாயி பாட்டுக்குச் சொல்லுது, கண்ணெல்லாம் வாசல்ல." சங்கீதம் ஒரு வரி போயிற்று. "கடைசியில ஒரு ஆடு வந்து நின்னுது. வெள்ளாடு. உள்ள எட்டிப் பாத்துச்சு. சிரிக்கவும் முடியல, அழவும் முடியல. உங்க அண்ணன் அந்த ஆட்டையே பாத்துக்கிட்டு ஆமென்னு சொன்னான்."

நிருபம் வாசிக்க ஒரு பெண் மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். பவுல் யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். பனி. அண்ணனிடம் நான் சொன்னது அதுதான். அடக்கம் நடந்த அன்று சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "அடக்கம் முடிஞ்சுட்டு" என்றான். பனிண்ணே, ஃப்ளைட்டெல்லாம் நிறுத்திட்டான் என்றேன். "சரி" என்றான். வைத்துவிட்டான். அதற்குப் பிறகு என் நம்பரைப் பார்த்து அவன் எடுத்ததில்லை. அந்தப் பிப்ரவரியில் பனி விழுந்தது உண்மை. ஃப்ளைட்டுகள் நின்றதும் உண்மை, ஆனால் அது மறுநாள். அலுவலகத்தில் வேறு சொன்னேன், விசா புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், இப்போது வெளியே போனால் உள்ளே விடமாட்டார்கள் என்று. அவர்கள் தோளைத் தட்டினார்கள். அதுவும் முழுப் பொய் இல்லை, விசா புதுப்பிக்கவேண்டியிருந்தது, ஜூனில். எனக்கு நானே ஒன்று வைத்திருந்தேன், இங்கிலீஷில், நல்ல நீளமான வாக்கியம், அதிர்ச்சியில் மனம் உறைந்துபோவது பற்றி, யாரோ டாக்டர் பேசியதைக் கேட்டு எடுத்துக்கொண்டது. பல வருஷம் அது உழைத்தது. கண்ணாடித் துண்டு உடையாமல் இருந்தது. நடந்தது இவ்வளவுதான். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காகிதக் கோப்பையில் டீ. அண்ணனைக் கூப்பிட்டு ஏறிட்டேன்ணே என்றேன், வரிசை அப்போதுதான் நகர ஆரம்பித்திருந்தது, இன்னும் ஐந்து நிமிஷத்தில் ஏறிவிடப்போகிறேன், அதில் என்ன. "பாத்து வா" என்றான். வரிசை குறைந்தது. கடைசி ஆள் போனான். என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஜெபநேசன் அருளப்பன், தெளிவாகத்தான் சொன்னாள் அந்தப் பெண். மூன்று தடவை. எழுந்திருக்கவேண்டும் என்று தெரியும். எழுந்திருப்பதற்குச் செய்யவேண்டியது என்ன என்றும் தெரியும், கையை நாற்காலியில் ஊன்றவேண்டும். பயம் எதைப் பார்த்து? அப்பாவின் உடம்பைப் பார்த்தா? இல்லை. கோயில் வாசலில் வந்து இறங்குகிறேன், உள்ளே எல்லா முகங்களும் திரும்பி நிற்கின்றன, அவர்களுக்கு முன்னால் மரப்பெட்டி, எட்டு வருஷமாக வராதவன், எனக்கு முன்னால் நடக்க யாரும் இல்லை. அந்தப் படம்தான். அது முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன், முடிந்தபோது கதவை மூடியிருந்தார்கள். டீ ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்தேன். அதைக் குடித்தேன் என்பதில்தான் எப்போதும் வந்து மாட்டிக்கொள்கிறேன். ஃப்ளைட்டை விட்டதுகூடப் பரவாயில்லை, அந்த டீயைக் குடித்திருக்கவேண்டாம்.

சுவிசேஷ வாசிப்புக்கு எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். இதுதான் இடம். எல்லோரும் நிற்கும்போது ஒருவன் நழுவுவது யாருக்கும் தெரியாது, டீச்சரைத் தவிர, டீச்சர் ஊருக்குச் சொல்வார், சொல்லட்டும், ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்ததுதானே. வடக்குக் கதவு வழியாக வேப்பமரத்தின் அடித்தூர் தெரிந்தது. யாரோ சைக்கிளைச் சாத்தி வைத்திருந்தார்கள். எட்டு அடி. குருவானவர் இளைஞர், நல்ல குரல், யாரோ ஒரு குஷ்டரோகி குணமாகி எழுந்து போனான். வாசிப்பு முடிந்தது. நான் போகவில்லை. துணிச்சல் என்று அதற்குப் பெயர் வைக்கமாட்டேன். ஹீத்ரோவில் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேனே, அதேமாதிரி நகர முடியாமல் நின்றேன், அவ்வளவுதான். எழவேண்டிய இடத்தில் எழாதவன் போகவேண்டிய இடத்தில் போகவில்லை. முகத்தைத் தயார் செய்தேன். என்ன முகம் என்று தெரியவில்லை, ஃபோட்டோவுக்கு நிற்கிறவன்போல் வாயை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் என்னைப் பார்ப்பான், தாண்டிப் போவான், அல்லது போகமாட்டான். இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். விசுவாசப் பிரமாணம் தொடங்கியது.

யாரும் திரும்பவில்லை. இருநூறு முதுகுகளும் முதுகுகளாகவே நின்றன. டிவியில் வரிகள் ஓடின. அவர்கள் அதைப் பார்த்துச் சொன்னார்கள், பீடத்துக்கு நேராக, உலகத்தில் உள்ள மற்ற எல்லாச் சபைகளையும்போல. இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, படி இல்லாமல் போன மாதிரி இருந்தது. இதைத்தான் டீச்சர் சொன்னாரா, எல்லாம் மாறிவிட்டது என்று. நூற்றெழுபது வருஷத்தை ஒரு டிவி முடித்துவிட்டது. தப்பித்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன், அதை ஒளிப்பானேன். பிறகு முதல் பெஞ்சில் அந்த வெள்ளைச் சட்டை மெதுவாகத் திரும்பியது. ஒரு கை பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் திரும்பி நின்றான். அவன் ஒருவன் மட்டும். இரண்டாம் பெஞ்சில் அவனுக்கு நேர் எதிரில் இருந்தவர் பழகிப்போனவர்போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்து அவனுக்கு வழிவிட்டு டிவியைப் பார்த்தார். அண்ணனின் தாடி நரைத்திருந்தது. வெயில் நேராக அவன் கண்ணில் அடித்தது. ஒரு கையைப் புருவத்துக்கு மேல் குடைமாதிரி வைத்துக்கொண்டு, காது கேளாதவர்களுக்கு உரிய சத்தத்தில், எல்லோருக்கும் அரை வரி பிந்தி, வாசலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். "மூணு வருஷமா ஒத்தைக்கு நிக்கான்" என்றார் டீச்சர். "ஐயரு இவன் வீட்டுக்கே போயிச் சொல்லிப் பாத்தாரு, எல்லாரும் ஒருமுகமா நிக்கும்போது நீங்க மட்டும் இப்படி நின்னா நல்லா இல்லையே அண்ணாச்சின்னு. 'யாராவது ஒருத்தன் வாசலப் பாக்கணும்லா'ங்கான்."

நான் தூணை விட்டு ஒரு அடி எடுத்து நடைபாதையில் வைத்தேன். ஒரு அடிதான். என் நிழல் எனக்கு முன்னால் போயிற்று, கடப்பைக்கல்லின் மேல், பெஞ்சு பெஞ்சாகக் கடந்து, ஒரு தோள் தாழ்ந்து, தலை அவன் காலடியில் போய் விழுந்தது. அவன் முதலில் அதைத்தான் பார்த்தான். நிழலிலிருந்து பின்னோக்கி வந்து என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் சூரியன். அவனுக்கு என் முகம் தெரிந்திருக்காது, ஒரு கறுப்பு உருவம், சாய்ந்த தோள், அவ்வளவுதான் தெரிந்திருக்கும். அவன் குரல் நின்றது. சபை போய்க்கொண்டிருந்தது. அவன் வாய் திறந்தபடியே இருந்தது. பிரமாணத்தில் பிலாத்துவின் பெயர் வருகிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கோ நின்றுவிட்டான். அசைவு உண்டு என்று என்னுள் யாரோ குறிப்பெழுதினார்கள், தேதி போட்டு. சபை முடித்தது. ஆமென் என்றது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெஞ்சுகள் கிறீச்சிட்டு அடங்கின. குருவானவர் பிரசங்கத் தாளை எடுத்துக்கொண்டு மைக்குக்கு வந்தார், வந்தவர் நின்றார். அண்ணன் உட்காரவில்லை. கோயிலில் நின்றுகொண்டிருந்தது மூன்று பேர், குருவானவர், அவன், நான். அப்போது அவன் விட்ட இடத்திலிருந்து எடுத்தான். ஒரு சொல்லையும் விடவில்லை, அவசரப்படவும் இல்லை. ஆண்டவர் பாடுபட்டதைச் சொன்னான். அடக்கம் என்ற சொல் வந்தது, அதில் கொஞ்சம் நின்றான், கடந்தான். புருவத்துக்கு மேலிருந்த கையை இறக்கிவிட்டு, வெயில் கண்ணில் குத்த, என்னைப் பார்த்தே சொன்னான். மூன்றாம் நாளைச் சொன்னான். மறுபடியும் வரப்போகிறதைச் சொன்னான். பாவமன்னிப்பு என்ற சொல்லை மற்ற சொற்களைப் போலவே சொன்னான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கடைசி வார்த்தை முடிந்தது. அதற்குப் பிறகு வரவேண்டிய ஒன்றைச் சபை முன்பே சொல்லிவிட்டது. அவன் அதைச் சொல்லாமல் நின்றான். வாசலைப் பார்த்துக் காத்திருந்தான்.

"ஆமென்" என்றேன்.

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சத்தமா சொல்லுய்யா" என்றார் கோல்டாபாய் டீச்சர், கோயில் முழுக்கக் கேட்கும்படி. "அவனுக்குக் கேக்காது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றுவிடாமல் எல்லா முகங்களும். பதினெட்டு பெஞ்சுத் தூரம். நடந்துகொண்டே சொன்னேன்.